கேபினெட்டுக்குள் பிளாஸ்மா பால்: வாங்கலாம், ஆனால் வைக்கிற இடம் முக்கியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்த மூன்று இன்ச் யுஎஸ்பி பிளாஸ்மா பால், அதாவது உள்ளே ஊதா மின்னல் கிளைகள் ஓடும் கண்ணாடி உருண்டை, எனக்கு ரொம்பவே பிடித்துவிட்டது. பக்கவாட்டில் கண்ணாடி வைத்த கம்ப்யூட்டர் கேபினெட் இருக்கிறது, உள்ளே ஆர்ஜிபி ஃபேன்கள் மாறி மாறி அடிக்கும் கலர் அலுத்துவிட்டது என்பவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் எல்இடி ஸ்ட்ரிப் வாங்கி ஒட்டுகிற மாதிரி இதையும் ஒட்டிவிட்டு, கண்ணில் பட்ட யுஎஸ்பி போர்ட்டில் செருகிவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சின்ன உருண்டைக்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கிறது. அதைப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கிராபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில் வைக்கிறோம். கொஞ்சம் யோசித்து வைத்தால் ஒரு தொந்தரவும் இல்லை, யோசிக்காமல் வைத்தால் தலைவலிதான்.

வாங்கியது சென்னை ரிச்சி தெருவில். விலை ஆயிரம் ரூபாய்க்குள். பெட்டியில் கம்பெனிப் பெயர் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை, சந்தையில் இருப்பதில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட சீனத் தயாரிப்புகள்தான், ஒரே பொருள் பத்துப் பெயரில் வருகிறது. கறுப்பு பிளாஸ்டிக் அடிப்பாகம், அதன்மேல் ஏழரை சென்டிமீட்டர் கண்ணாடி உருண்டை, பின்னால் யுஎஸ்பி ஒயர், அடியில் மூன்று நிலை சுவிட்ச்: ஆஃப், ஆன், சத்தத்துக்கு ஏற்ப மின்னுவது. இதிலேயே ஐந்து இன்ச், ஆறு இன்ச், எட்டு இன்ச் என்று பெரிதாகவும் கிடைக்கும், அவையெல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. சாதாரண மிட் டவர், அதாவது நடுத்தர அளவு கேபினெட்டுக்கு மூன்று இன்ச் போதும். ஆறு இன்ச்சை உள்ளே நுழைத்தால் சுற்றிலும் இடமே மிஞ்சாது.

கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இதில் கூச்சப்படவே கூடாது. எனக்கு முதலில் எடுத்துக் கொடுத்த பீஸ் ஆன் செய்ததும் 'ஙொய்ங்' என்று இரைந்தது, அந்தத் தெருச் சத்தத்திலேயே காதில் விழுந்தது என்றால் ராத்திரி அறைக்குள் எப்படி இருக்கும்? வேறு கேட்டேன், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். இரண்டாவது பீஸில் காதை ஒட்டி வைத்தால்தான் மெல்லிய சீறல் கேட்கிறது. இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். உருண்டையை லேசாகப் பிடித்து அசைத்தால் அடிப்பாகத்தில் ஆடக் கூடாது. நடுவில் இருக்கும் சின்னக் குமிழ் சாய்ந்திருக்கக் கூடாது, சாய்ந்திருந்தால் மின்னல் கிளைகள் எல்லாம் ஒரே பக்கம்தான் ஓடும்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் எங்கே வைப்பது என்பது தானாகப் புரியும், அதனால் கொஞ்சம் சொல்கிறேன். அடிப்பாகத்தில் மின்சாரத்தை வேகமாகத் திசைமாற்றும் ஒரு ஆசிலேட்டரும் வோல்ட்டை ஏற்றும் சின்ன டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கின்றன. உள்ளே வரும் 5 வோல்ட்டை அவை இரண்டாயிரம் முதல் ஐயாயிரம் வோல்ட் வரை ஏற்றி, வினாடிக்கு முப்பதாயிரம் தடவைக்கு மேல் திசைமாற்றி நடுக் குமிழுக்குக் கொடுக்கின்றன. உருண்டைக்குள் காற்று கிடையாது, நியான், ஆர்கான், செனான் போன்ற மந்த வாயுக்களின் கலவை. குமிழிலிருந்து மின்சாரம் அந்த வாயு வழியாகக் கண்ணாடியை நோக்கி ஓடும் பாதைதான் நாம் பார்க்கிற ஊதாக் கிளை. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாதே, அப்புறம் எப்படிச் சுற்று முழுமையாகிறது என்று கேட்டால், இவ்வளவு அதிர்வெண்ணில் கண்ணாடி ஒரு கெபாசிட்டராக நடந்துகொள்கிறது, அதாவது திசைமாறும் மின்சாரத்துக்கு வழி விடுகிறது. வெளியே கை, உலோகம், தரைத் தொடர்புள்ள எதுவாக இருந்தாலும் அதன் பக்கம் கிளை சாயும். கை வைத்த இடத்துக்கு மின்னல் ஓடி வருவது இதனால்தான். நிக்கோலா டெஸ்லா 1894இல் வாங்கிய ஒரு விளக்கு காப்புரிமையிலேயே இதன் அடிப்படை இருக்கிறது. இன்று நாம் பார்க்கும் இந்த அழகான வடிவத்துக்குக் காரணம் பில் பார்க்கர், 1971இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது இதைச் செய்தார்.

சரி, கேபினெட்டுக்கு வருவோம்.

கேபினெட் என்பது எர்த் ஆன இரும்புப் பெட்டி. அதற்குள் பாலை வைத்தால் சுற்றிலும் இருக்கும் ஒவ்வொரு தகடும் ஒரு கைதான். மேசை மேல் தனியாக இருக்கும்போது கிளைகள் எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் பரவி மெதுவாக அலையும். அதையே கொண்டுபோய் மதர்போர்டு தட்டுக்கு ஒட்டி வைத்தேன், எல்லாக் கிளைகளும் தட்டின் பக்கமே திரும்பிக்கொண்டன, கண்ணாடிக் கதவு வழியாகப் பார்க்கிற நமக்கு அதன் முதுகுதான் தெரிந்தது. கதவுப் பக்கம் நகர்த்த நகர்த்தத்தான் கிளைகள் பிரிந்து பரவ ஆரம்பித்தன. எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) மூடியிருக்கும் கீழ்த்தட்டின்மேல், முன்பக்க ஃபேனுக்கும் கிராபிக்ஸ் கார்டின் நுனிக்கும் நடுவில், கதவிலிருந்து இரண்டு விரல் தள்ளி வைத்ததுதான் கடைசியில் சரியான இடமாக அமைந்தது. அங்கிருந்தும் இரண்டு மூன்று கிளைகள் கிராபிக்ஸ் கார்டின் உலோக முதுகுத்தட்டை நோக்கி மேலே வளைகின்றன. அது எனக்குப் பிடித்திருக்கிறது, கார்டைத் தேடிப் போகிற மாதிரி ஒரு தோற்றம். கண்ணாடிக் கதவில் வெளியே விரல் வைத்தால் ஒரு கிளை லேசாக விரல் பக்கம் திரும்பும், நேரடியாகத் தொடும்போது வரும் வேகம் இருக்காது. இடையில் காற்றும் இன்னொரு கண்ணாடியும் இருக்கிறதே.

மூன்று ஃபேன் வைத்த நீளமான கார்டு போட்டிருப்பவர்களுக்கு இந்த இடம் கிடைப்பது கஷ்டம். கார்டு முன்பக்க ஃபேன் வரை நீண்டு உருண்டையின் தலைக்கு மேலேயே வந்துவிடும். டேப் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். உருண்டைக்கும் எந்த உலோகத்துக்கும் நடுவில் குறைந்தது மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். ஃபேன் ஒயரோ டிஸ்க்குக்குப் போகும் சாட்டா கேபிளோ கண்ணாடியில் உரசிக்கொண்டு இருக்கவே கூடாது. ஒயர் தொட்ட இடத்திலேயே ஒரு தடித்த கிளை நிலையாக ஒட்டிக்கொள்ளும், அந்த ஒரு புள்ளியில் மட்டும் கண்ணாடி சூடாகிக்கொண்டே இருக்கும். நைலான் டை போட்டு எல்லா ஒயர்களையும் தட்டுக்குப் பின்னால் இழுத்துக் கட்டிவிடுங்கள்.

மதர்போர்டுக்கு ஏதாவது ஆகுமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. எல்லா வீட்டு டிராயரிலும் கிடக்கும் அந்த நியான் லைன் டெஸ்டர் போதும். கம்ப்யூட்டரை நிறுத்தி, எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள சுவிட்சை அணைத்துவிடுங்கள், ஆனால் பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் தொடர்பு அப்படியே இருக்கட்டும். பாலை மட்டும் ஒரு பவர் பேங்கில் ஓட விடுங்கள். அறையை இருட்டாக்கிக்கொண்டு, டெஸ்டரின் தலையில் விரலை வைத்துப் பிடித்து, முனையை உருண்டைக்குப் பக்கமாகக் கொண்டு வாருங்கள், கண்ணாடியைத் தொட வேண்டாம். எதையும் தொடாமலே டெஸ்டருக்குள் ஆரஞ்சு வெளிச்சம் எரியும். மெதுவாகப் பின்னால் இழுத்தால் வெளிச்சம் மங்கிக்கொண்டே போய் ஓரிடத்தில் அணையும். அந்த எல்லைக்கு உள்ளே எந்த சர்க்யூட்டும் திறந்தபடி இருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் கேபினெட்டில் ஒரு சாண் தூரத்துக்குள்ளேயே அணைந்துவிட்டது. டெஸ்டரைக் கீழ்த்தட்டுக்கு அடியில் கொண்டுபோனால், உருண்டைக்கு நேர் கீழேயே இருந்தாலும், சுத்தமாக எரியவில்லை. எர்த் ஆன ஒரு மெல்லிய இரும்புத் தகடு அவ்வளவு நன்றாகத் தடுக்கிறது. அதனால் எஸ்எஸ்டி, ஹார்டு டிஸ்க் எல்லாம் அந்தத் தட்டுக்குக் கீழே இருந்தால் கவலையே வேண்டாம். ஹார்டு டிஸ்க்கில் இருப்பது அழிந்துவிடுமோ என்று பயப்படுபவர்களுக்கு: இதில் இருப்பது மின்புலம், டிஸ்க்கை அழிக்கிற அளவுக்குக் காந்தப் புலம் இதில் இல்லை.

இப்போது கரன்ட் எங்கிருந்து எடுப்பது. ஒயரில் யுஎஸ்பி பிளக் இருக்கிறது, கேபினெட்டில் யுஎஸ்பி போர்ட் இருக்கிறது, செருகினால் எரியும், உண்மைதான். ஆனால் நான் அப்படிச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஒன்று, இதன் சர்க்யூட் எழுப்பும் இரைச்சல் அதே 5 வோல்ட் லைனில் இருக்கும் மவுஸுக்கும் கீபோர்டுக்கும் போகும். இன்னொன்று, நிறைய மதர்போர்டுகளில் கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்த பிறகும் யுஎஸ்பியில் 5 வோல்ட் வந்துகொண்டே இருக்கும், பால் ராத்திரி முழுக்க எரியும். யுஎஸ்பி மீட்டர் வைத்துப் பார்த்தால் இது அரை ஆம்பியரை ஒட்டி இழுக்கிறது, பழைய யுஎஸ்பி 2 போர்ட்டுக்கு விதித்திருக்கும் அளவே 500 மில்லி ஆம்பியர்தான்.

நேராக எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து எடுங்கள். நான்கு பின் மோலெக்ஸ் கனெக்டர் ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், அதில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இருக்கும் இரண்டு கறுப்பும் கிரவுண்டு. சிவப்பிலிருந்தும் பக்கத்துக் கறுப்பிலிருந்தும் எடுத்து, பாலின் பிளக்கைச் செருகுகிற ஒரு யுஎஸ்பி சாக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. இப்போது வரும் எஸ்எம்பிஎஸ்களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கிறது, பார்த்தால் அழகுதான், ஆனால் கலரை நம்ப முடியாது, மல்டிமீட்டரில் அளந்துவிட்டுத்தான் இணைக்க வேண்டும். 5க்குப் பதில் 12 போய்விட்டால் பால் அப்போதே காலி. நடுவில் ஒரு ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸ் ஒன்றைக் கட்டாயம் போடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் 5 வோல்ட் லைன் 15, 20 ஆம்பியர் வரை தள்ளக்கூடியது, இந்த மெல்லிய ஒயர் எங்காவது ஷார்ட் ஆனால் எஸ்எம்பிஎஸ் உணர்ந்து அணைவதற்குள் ஒயர் உருகிவிடும். ஃபியூஸும் ஹோல்டரும் சேர்ந்து ஒரு டீக் காசுதான். ஒயர்களைப் பற்ற வைத்த இடத்தில் சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள், வெறும் இன்சுலேஷன் டேப் இந்தச் சூட்டில் நாளடைவில் பசை விட்டு அவிழ்ந்துவிடும். மாடுலர் எஸ்எம்பிஎஸ் (கேபிள்களைத் தனியே கழற்றி மாட்டும் வகை) வைத்திருப்பவர்கள் வேறு எஸ்எம்பிஎஸ்ஸோடு வந்த கேபிளை எடுத்து இதில் செருகவே செருகாதீர்கள். பிளக் பொருந்தும், உள்ளே பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

இப்படி எடுத்ததில் இன்னொரு நல்லது நடந்தது. பவர் பேங்கில் ஓடியபோது இருந்ததைவிடக் கிளைகள் தடிப்பாகவும் வெளிச்சமாகவும் தெரிகின்றன. பவர் பேங்க் தரைத் தொடர்பே இல்லாமல் இருப்பது, இங்கே பாலின் கிரவுண்டு கேபினெட்டோடும் எர்த்தோடும் சேர்ந்திருக்கிறது, மின்சாரம் திரும்பி வர நல்ல பாதை கிடைக்கிறது.

எர்த் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும், நம் ஊர் வீடுகளில் இது பெரிய விஷயம். கம்ப்யூட்டர் ஓடும்போது கேபினெட்டின் ஸ்குருவைப் புறங்கையால் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? அப்படியென்றால் உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லை, அல்லது எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மூன்றாவது ஒயர் விட்டுப்போயிருக்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்ட வைத்திருக்கும் கெபாசிட்டர்கள் வழியாக, 230 வோல்ட்டில் பாதி, சுமார் 115 வோல்ட், மிகக் குறைந்த ஆம்பியரில் கேபினெட்டில் மிதந்துகொண்டிருக்கும். அந்த சுர்ர் அதுதான். எர்த் இருந்தால் அது தரைக்குப் போய்விடும். அந்த நிலையில் உள்ளே பிளாஸ்மா பாலையும் வைத்தால், அதன் மின்னோட்டத்துக்கும் போக இடமில்லை, அது கண்டபடி மதர்போர்டு வழியாகவும் யுஎஸ்பி ஒயர்கள் வழியாகவும் வழி தேடும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி செய்துவிட்டு அப்புறம் பால் வாங்குங்கள். பால் வாங்காவிட்டாலும் எர்த்தைச் சரி செய்யுங்கள்.

என்னென்ன தொந்தரவு வந்தது என்று கேட்டால், குறிப்பிட்டுச் சொல்ல ஒன்றுதான். முன்பக்க ஹெட்ஃபோன் ஜாக்கில் மெல்லிய ரீங்காரம் கேட்டது. பாடல் ஓடும்போது தெரியாது, பாடலை நிறுத்தினால் தெரியும். மதர்போர்டின் கீழ் மூலையிலிருந்து முன்பக்கம் போகும் ஆடியோ கேபிள் சரியாகப் பாலுக்கு அடுத்தாற்போல் தட்டின்மேல் கிடந்தது. அதை எடுத்துத் தட்டுக்கு அடியில் விட்டதும் ரீங்காரம் போய்விட்டது. பின்பக்க ஜாக்கில் ஆரம்பத்திலிருந்தே எதுவும் இல்லை. தொடு பட்டன் வைத்த கேபினெட்டாக இருந்தால் எச்சரிக்கை தேவை. கையால் அழுத்தும் பட்டனுக்கு ஒன்றும் ஆகாது, தொட்டால் வேலை செய்யும் பட்டன்கள் இந்த மின்புலத்தையே விரல் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. செல்போனைக் கொண்டுபோய் உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், திரையில் யாரும் தொடாமலே ஏதேதோ திறந்து மூடும்.

ஃபேன் காற்றில் மின்னல் கலையுமா என்று ஒரு நண்பர் கேட்டார். கலையாது, உருண்டை முழுதாக அடைக்கப்பட்டது, வெளிக் காற்று கண்ணாடியைக் குளிர வைக்கும், அவ்வளவுதான், அது நமக்கு நல்லதும்கூட. ஆனால் எப்படி நிறுத்தி வைக்கிறோம் என்பது கிளைகளின் வடிவத்தை மாற்றும். மின்சாரம் ஓடும் பாதையில் வாயு சூடாகி மேலே எழும்பும், கிளையும் அதோடு மேலே வளையும். நிமிர்த்தி வைத்தால் கிளைகள் அடியில் பிறந்து மெல்ல ஊர்ந்து உச்சியில் போய்ச் சேர்ந்து, அங்கே ஒன்றோடொன்று கலந்து மறுபடி அடியிலிருந்து புதிதாகப் பிறக்கும். ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எல்லாம் வில்லாக வளைந்து மேல் பக்கமே கிடக்கும், கீழ்ப்பாதி இருட்டாகிவிடும். தலைகீழாகத் தொங்கவிட்டும் பார்த்தேன், கிளைகள் கீழே இறங்க முயன்று பாதி வழியில் மேலே திரும்புவது தனி அழகு. கேபினெட்டின் கூரையில் இடம் இருப்பவர்கள் முயன்று பார்க்கலாம், ஆனால் டபுள் சைடு டேப்பை மட்டும் நம்பித் தொங்கவிடாதீர்கள், கீழே கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. பிளாஸ்டிக் கிளாம்ப் போட்டு ஸ்குருவில் நிறுத்துங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். படங்களில் பார்க்கிற பளபளப்பு நேரில் இருக்காது. நடுவில் நீலம் கலந்த ஊதா, கண்ணாடியைத் தொடும் நுனியில் இளஞ்சிவப்பு, அந்த இரண்டு நிறமும் மங்கல்தான். பகலில் ஜன்னல் திறந்திருந்தால் ஏதோ அசைகிறது என்பது தெரியும், அவ்வளவுதான். கேபினெட் கண்ணாடி கறுப்புச் சாயம் ஏற்றியதாக இருந்தால் இன்னும் குறையும். ஆர்ஜிபி ஃபேன்களும் ரேம் விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தால் பால் அங்கே இருப்பதே தெரியாது. நான் எல்லாவற்றையும் அணைத்துவிட்டேன். ராத்திரி அறை விளக்கையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தால், கறுப்புப் பெட்டிக்குள் அந்த ஊதாக் கிளைகள் மட்டும் ஊர்வதும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் உலோகத் தகடுகளில் அதன் ஒளி விழுந்து விழுந்து மறைவதும், ஆர்ஜிபி என்ன கலரில் ஓடினாலும் கொடுக்க முடியாத ஒன்று. ஆர்ஜிபி எவ்வளவு மாறினாலும் ஒரு சுற்று முடிந்தால் திரும்ப அதே வரிசைதான். இதில் ஒரு முறை வந்த வடிவம் மறுமுறை வருவதில்லை. இதற்காகத்தான் இதை இவ்வளவு பேசுகிறேன். கறுப்பு நிற உட்புறம் இருந்தால் இன்னும் எடுப்பாக இருக்கும், வெள்ளை கேபினெட்டில் பாதி அழகு போய்விடும்.

சத்தத்துக்கு மின்னும் நிலை கேபினெட்டுக்குள் உதவாது. அடிப்பாகத்தில் இருக்கும் மைக் பாடலைவிடப் பக்கத்தில் இருக்கும் ஃபேனைத்தான் கேட்கிறது. கேம் ஓட ஆரம்பித்து ஃபேன் வேகம் ஏறினால் விட்டு விட்டு வெட்டிக்கொண்டே இருக்கும், கண் வலிக்கும். ஆன் நிலையில் வைத்துவிட்டு, ஒயரின் நடுவில் ஒரு சின்ன சுவிட்சைப் போட்டு, அதைக் கேபினெட்டின் பின்பக்கம் கார்டு இல்லாமல் காலியாக இருக்கும் பிசிஐ ஸ்லாட்டை மூடியிருக்கும் பட்டையில் துளையிட்டு வெளியே கொண்டு வந்துவிடுங்கள். இல்லாவிட்டால் அணைக்க வேண்டிய ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக் கதவைக் கழற்ற வேண்டியிருக்கும். அணைக்க வேண்டியும் இருக்கும், ஏனென்றால் தொடர்ந்து நாள் முழுக்க ஓட விடாதீர்கள் என்று கூட வந்த தாளிலேயே போட்டிருக்கிறது. சில மணி நேரம் ஓடிய பிறகு அடிப்பாகம் தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கிறது. கேபினெட்டின் உள்சூடும் சேரும் என்பதால் மே மாதத்தில் நான் ராத்திரி மட்டும்தான் போடுகிறேன்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு வார்த்தை. கதவு திறந்திருக்கும்போது உருண்டையின்மேல் காசு, அலுமினியத் தாள், மோதிரம் போட்ட விரல் எதுவும் வேண்டாம். உலோகத்தை வைத்து அதன்மேல் விரலைக் கொண்டுபோனால் பொறி பறக்கும், சின்னதாகத் தீக்காயமே படும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் போகாமல் இருப்பது நல்லது.

வாங்கும் முன் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், பிளாஸ்மா டிஸ்க். தட்டு மாதிரித் தட்டையான கண்ணாடி, உள்ளே பாஸ்பர் என்ற ஒளிரும் பொடி பூசிய குட்டிக் கண்ணாடி மணிகள், அவற்றின் இடுக்கில் மின்னல் ஓடும். பாலைவிட வெளிச்சம் அதிகம், பச்சை, நீலம், சிவப்பு என்று கிடைக்கிறது, பின்னால் இருக்கும் சர்க்யூட் பெட்டியைச் சேர்த்தாலும் தடிமன் குறைவு. நீளமான கார்டு போட்டவர்களுக்கும் ஒல்லி கேபினெட் வைத்திருப்பவர்களுக்கும் இதுதான் சரி. ஆனால் பாலில் இருக்கும் அந்த ஆழம், கிளை உங்களை நோக்கி வருவதும் விலகிப் போவதும், தட்டில் இல்லை. விலையும் கூட. இடம் இருந்தால் பால், இல்லாவிட்டால் டிஸ்க் என்பேன்.

இது ஏதோ புதிய பைத்தியம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 2000களின் தொடக்கத்தில், எல்இடி ஸ்ட்ரிப்கள் பரவலாவதற்கு முன்பு, கேபினெட் அலங்காரம் என்றால் பெரும்பாலும் கோல்டு கேதோடு குழல் விளக்குகள்தான். அவற்றுக்கும் 12 வோல்ட்டிலிருந்து பல நூறு வோல்ட்டுக்கு ஏற்றும் இன்வெர்ட்டர் பெட்டி ஒன்று கேபினெட்டுக்குள்ளேயே இருந்தது. அப்போதும் எங்கே வைப்பது, ஒயரை எப்படி விடுவது என்று இதே பேச்சுத்தான். எல்இடி ஸ்ட்ரிப்கள் வந்த பிறகு அந்தக் கவனம் நமக்குத் தேவைப்படாமலே போய்விட்டது.

கடைசியாக, பழைய இரும்புக் கேபினெட் ஒன்று பரணில் கிடக்கிறது, வெட்டினாலும் பரவாயில்லை என்பவர்களுக்கு. கேபினெட்டின் மேல்தகட்டில் வட்டமாக வெட்டி, உருண்டையின் மேல்பாதி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வையுங்கள். உள்ளே வைத்தால் தொட முடியாது என்ற ஒரே குறையும் இதில் இல்லை, பழைய சிஎஃப்எல் பல்பைக் கையில் பிடித்துப் பக்கத்தில் கொண்டுபோனால் ஒயரே இல்லாமல் எரியும், பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகர மாட்டார்கள். வெட்டும் துளை உருண்டையைவிட நன்றாகப் பெரிதாக இருக்கட்டும், ஓட்டையின் இரும்பு விளிம்பு பக்கத்தில் இருந்தால் கிளைகள் எல்லாம் அந்த வளையத்துக்கே ஓடிவிடும், உச்சி காலியாகக் கிடக்கும். விளிம்புக்கும் கண்ணாடிக்கும் நடுவில் வரும் இடைவெளியைக் கறுப்பு அக்ரிலிக் வளையம் ஒன்றை வெட்டி மூடிக்கொள்ளலாம். வட்டத் துளை வெட்டும் ஹோல் சா போடும் முன் மதர்போர்டிலிருந்து எஸ்எம்பிஎஸ் வரை எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்துவிடுங்கள், இரும்புத் தூள் ஒரு துணுக்கு சாக்கெட்டில் விழுந்தாலும் போர்டு போய்விடும். கண்ணாடிக் கதவில் மட்டும் துளை போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டெம்பர்டு கண்ணாடியில் டிரில் பிட் இறங்கினால் முழுக் கதவும் ஒரே நொடியில் பொடிப்பொடியாகிவிடும்.